எடை கூடாத ஃபில்டர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! உற்பத்தி மேலாளர் அவர்களே! முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே! மூன்று ஷிப்டிலிருந்தும் வந்து, உட்கார இடமில்லாமல் இந்த உணவுக்கூடத்தின் சுவரோரம் நிற்கும் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

மேலாளர் அவர்களுக்கு மட்டும் இன்னொரு வணக்கம் சொல்ல விரும்புகிறேன். அவர் வருவாரோ மாட்டாரோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அவருடைய அறைக்கே போய்க் கூப்பிட்டவன் நான்தான். மேடையில் நடு நாற்காலியில் அவரை உட்கார வைத்தவனும் நான்தான். வெள்ளைச் சட்டையில் வந்திருக்கிறார். மிகவும் நன்றி. அவர் ஏன் நடுவில் உட்கார்ந்திருக்கிறார் என்பது நான் பேசி முடிப்பதற்குள் உங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

என்னை உங்களுக்குத் தெரியும். பெருக்கும் வண்டிப் பிரிவில் நாலாம் நம்பர் வண்டியை ஓட்டுகிறவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. அதனால் தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் இருந்தால், அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

யாரை இழந்து நிற்கிறோம் தோழர்களே? பராமரிப்புப் பிரிவின் மூத்த மெக்கானிக்கை. நம் தராசு அண்ணனை! இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த டைல்ஸ் ஆலையில் ஒன்பது பெருக்கும் வண்டிகளையும் ஒன்பது பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்ட மனிதரை. வண்டி என்றால் தரையைப் பெருக்கும் பிரஷ்தான் நம் கண்ணில் படும். அண்ணன் கண்ணில் பட்டது அதன் முதுகில், மூடிக்குள் இருக்கும் காற்று ஃபில்டர். பிரஷ் குப்பையை உள்ளே தள்ளுகிறது, விசிறி காற்றை இழுக்கிறது, அந்தக் காற்றோடு வருகிற மாவு போன்ற தூசியை ஃபில்டர் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த ஒரு ஃபில்டர் இல்லையென்றால்? தரையில் கிடந்த தூசி விசிறி வழியாக மேலே கிளம்பி நம் மூக்குக்கு வரும். கல்லை அரைத்த தூசி அது. போன இடத்தைவிட்டுத் திரும்பி வராது.

அண்ணனுக்கு ஏன் தராசு என்று பெயர்? இரவு ஷிப்டுக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்டார்கள், அதனால் சொல்கிறேன். காலையில் வண்டி கிளம்பும் முன்பு ஒவ்வொரு ஃபில்டரையும் அவர் எடை போடுவார். சாயங்காலம் வண்டி திரும்பியதும் மறுபடி எடை போடுவார். சுத்தமான ஃபில்டர் நாலு கிலோ இருநூறு. திரும்பி வரும்போது ஐந்தரை இருக்கும், ஆறு இருக்கும். கூடியது எவ்வளவோ அவ்வளவு தூசி. "பாருப்பா, ஒண்ணரைக் கிலோ! இன்னைக்கு இத்தனையும் நம்ம யாரு நெஞ்சுக்கும் போகல" என்று சிரிப்பார். உலகத்தில் எவன் தூசியை எடை போட்டுச் சந்தோஷப்படுவான்? எங்கள் அண்ணன் சந்தோஷப்பட்டார்!

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் நடந்தது இது. ஃபில்டரில் தூசி அடைத்ததைக் காட்டும் அடைப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எரிச்சலில் ஃபில்டரை உருவித் தரையில் நாலு தட்டுத் தட்டினேன். எங்கிருந்து பார்த்தாரோ, ஓடி வந்தார். "ஏய், அது என்ன உங்க வீட்டுத் தலையணையா? தட்டுனா மடிப்பு கிழியும். கிழிஞ்சா ஊசி முனை அளவு ஓட்டை போதும், எல்லாம் வெளிய வந்துடும்" என்றார். பிறகு என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போய், விளக்கை அணைத்துவிட்டு, ஃபில்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு மூலையில் நட்சத்திரம் மாதிரி மூன்று புள்ளி தெரிந்தது. நான் தட்டிய தட்டில் விழுந்தது. "இந்த மூணுக்கும் நீதான் அப்பன். பேரு வச்சுட்டுப் போ" என்றார்.

சுத்தம் செய்வதிலும் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். அழுக்கான பக்கத்தில் காற்றை அடிக்கவே கூடாது. சுத்தமான பக்கத்திலிருந்து, மெதுவான அழுத்தத்தில், மடிப்பு மடிப்பாக அடிக்க வேண்டும். "அழுக்குப் பக்கம் அடிச்சா தூசி இன்னும் உள்ளதான் போகும். அது எந்த வழியா வந்துச்சோ அந்த வழியா திருப்பி அனுப்பணும்" என்பார். கழுவினால் ஒரு நாள் முழுக்க நிழலில் காய வேண்டும். ஈரத்தோடு கேட்டால் வண்டியின் சாவியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார். ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் மாட்ட மாட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர் அவர்.

அந்த மனிதரைப் பற்றித்தான், அவர் இறந்த மூன்றாம் நாள், வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். "பொறுப்பிலிருந்த ஊழியரின் தொடர்ச்சியான கவனக்குறைவால் ஃபில்டர்கள் பழுதடைந்ததே ஆலையில் தூசி அதிகரித்ததற்குக் காரணம் என்று தெரியவருகிறது." கீழே உற்பத்தி மேலாளரின் கையெழுத்து.

செத்துப்போனவர் வந்து மறுத்துப் பேச மாட்டார் என்கிற தைரியம்! நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பேனாவிலும் நரம்பில்லாமல் எழுதுவார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரி, பத்து நிமிடத்துக்கு முன்பு இதே ஒலிபெருக்கியில் மேலாளர் என்ன பேசினார்? "கடமை தவறாத ஊழியர், நமக்கெல்லாம் முன்மாதிரி" என்று பேசினார். நீங்கள் கை தட்டினீர்கள். மேலாளர் அவர்களே, பலகையில் இருப்பதும் உங்கள் எழுத்து, இங்கே பேசியதும் உங்கள் வாய். கடமை தவறாதவர் எப்படிக் கவனக்குறைவானவர் ஆனார்? இரண்டில் எது பொய்? பதில் சொல்ல வேண்டாம். உட்கார்ந்திருங்கள், அது போதும்.

அந்த அறிவிப்பை முதலில் படித்தவர்களில் ஒருவர் அண்ணி. அண்ணனின் அலமாரியைக் காலி செய்து, சாப்பாட்டு டப்பாவையும் மாற்றுச் சட்டையையும் எடுத்துப்போக வந்திருந்தார். பலகை முன்னால் நின்று இரண்டு முறை படித்தார். பின்னால் யாரோ, யார் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை, "அவரே ஒழுங்கா கிளீன் பண்ணலையாம், நம்மளையும் இரும வச்சுட்டுப் போயிட்டாரு" என்றார்கள். அது அண்ணி காதில் விழுந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, அவரு வேலையில ஒழுங்கா இல்லையா?"

தோழர்களே, அந்த ஒரு கேள்விக்கு என்னால் வாய் திறக்க முடியவில்லை. துக்கத்தால் அல்ல. எனக்கு உண்மை தெரியும் என்பதால். ஏன் தூசி கூடியது என்று எனக்குத் தெரியும். இந்தக் கூட்டத்தில் இன்னும் எட்டுப் பேருக்குத் தெரியும். மேடையில் ஒருவருக்குத் தெரியும்.

தலைவர் எனக்கு ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். "சுருக்கமாக முடிக்கவும்" என்று இருக்கிறது. படித்துவிட்டேன் தலைவரே. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டில் போய் இன்னொரு முறை படிக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மேலாளர் எங்கள் ஒன்பது ஓட்டுநர்களையும் சரக்கு ஏற்றும் மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, பொத்தானை அழுத்தி ஃபில்டரை உதறவைக்க வேண்டியிருந்தது, அதனால் நேரம் போகிறது என்று அவருக்குக் கோபம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அந்த ஃபில்டர் இருக்கறதாலதானே அடைக்குது? கழற்றி வச்சுட்டு ஓட்டுங்க. சாயங்காலம் மாட்டிக் குடுத்துடுங்க. தராசுக்குச் சொல்ல வேணாம்." காகிதத்தில் ஒரு வரி கிடையாது. வாயோடு முடிந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? சண்டை போட்டோமா? இல்லை தோழர்களே. சந்தோஷப்பட்டோம்! ஃபில்டர் இல்லாத வண்டி இறக்கை முளைத்த மாதிரி ஓடியது. அடைப்பு விளக்கு எரியவில்லை, உதறல் இல்லை, நிறுத்தம் இல்லை. தரை கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு மணி நேரம் முன்னதாக வேலை முடிந்தது, உட்கார்ந்து டீ குடித்தோம். காலையில் அண்ணன் எடை போட்டு, ரப்பர் தடவி, மாட்டி அனுப்பிய ஃபில்டரை, உடைந்த டைல்ஸ் அடுக்கின் பின்னால் போய் இந்தக் கையால் கழற்றினேன். இந்தக் கையால்! சாயங்காலம் இதே கையால் மாட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு அவரிடம் கொடுத்தேன்.

நிறுத்தமே இல்லாத பிரிவு என்று அந்த ஆண்டு எங்கள் பிரிவுக்குக் கேடயம் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலாளர் எடுத்துக்கொண்ட படம் இந்தச் சுவரில்தான் மாட்டியிருந்தது. அண்ணன் படத்துக்கு இடம் வேண்டும் என்று இன்று காலை அதை நான் கழற்றினேன். கழற்றுவதில்தான் எனக்குக் கைப்பழக்கம் உண்டே!

அண்ணனை ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்தோம். எடை போடுகிற மனிதரை ஏமாற்ற முடியுமா? முதல் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. காலையில் நாலு கிலோ இருநூறு போன ஃபில்டர், ஒரு நாள் முழுக்கப் பெருக்கிவிட்டு நாலு கிலோ இருநூறாகவே திரும்பி வந்தால் என்ன அர்த்தம்? கல்யாண மாப்பிள்ளை சட்டை மாதிரி வெள்ளையாக வந்தால் என்ன அர்த்தம்?

அவர் மேலாளரிடம் போனார். அன்றைக்கு நான் லீவுக் கடிதத்தோடு அந்த அறை வாசலில் நின்றிருந்தேன். மேலாளர், "தரை கண்ணாடி மாதிரி இருக்கு, உனக்கு என்னய்யா பிரச்சினை?" என்றார். அண்ணன் சத்தம் போடவில்லை. "தரையில இல்ல சார், அதான் கேக்குறேன். தரையிலயும் இல்ல, ஃபில்டர்லயும் இல்ல. அப்ப எங்க சார் இருக்கு?"

என்ன கேள்வி அது! எத்தனை பெரிய கேள்வி! அதற்கு வந்த பதில், "போய் வேலையப் பாரு."

வெளியே வந்த அண்ணன் என்னைப் பார்த்தார். லேசாக இருமிவிட்டுப் போனார். ஒன்பது வண்டிகளும் திரும்புகிற பாதையில்தான் அவர் அறை. நாங்கள் கிளப்பியதை எல்லாம் முதலில் குடித்தவர் அவர்தான். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் நெஞ்சிலேயே இருந்தது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர்தான் அதைப் படித்துச் சொன்னார்.

ஏன் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை? ஒரு புகார் எழுதியிருந்தால் முதலில் வேலையை இழப்பது ஒன்பது ஓட்டுநர்கள். மேலாளர் கை கழுவியிருப்பார். அது அண்ணனுக்குத் தெரியும். எங்கள் வேலையைக் காப்பாற்றினார். நாங்கள் அவர் மூச்சை எடுத்தோம்.

அண்ணி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அன்று அவரை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய சாக்கை இழுத்தார். உள்ளே ஒன்பது ஃபில்டர்கள். ஆண்டு முடிந்து புதியது வந்ததும் பழையதைக் கழிவுக் கிடங்கில் போடாமல் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். "இத எதுக்குங்க வீட்டுக்குக் கொண்டாந்தீங்கன்னு கேட்டேன் தம்பி. பத்திரமா வை, கேக்க ஆள் வருவாங்கன்னு சொன்னாரு. நீங்கதானா அது?" என்றார்.

நான் வெட்கத்தோடு சொல்கிறேன், கேட்டு வந்த ஆள் நானில்லை. ஆனால் இன்றைக்கு நான்தான்.

இதோ, அந்தச் சாக்கில் இருந்த நாலாம் நம்பர் வண்டியின் ஃபில்டர். என் வண்டி. தகரச் சட்டத்தைப் பாருங்கள். "எடை கூடவில்லை" என்று அண்ணன் கையெழுத்து. அதன் கீழே எடை கூடாத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. ஐந்து ஐந்தாகக் கட்டியிருக்கிறார். நான் எண்ணினேன். இருநூற்று எழுபத்தொன்று. வண்டி எண் இருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை. ஒன்பதிலும் தேடிப் பார்த்தேன், ஒரு ஓட்டுநர் பெயரும் இல்லை.

ஃபில்டர்கள் பழுதாகிவிட்டன என்றுதானே மேலாளர் எழுதினார்? சன்னல் திரையைக் கொஞ்சம் இழுங்கள். விளக்குகளை அணையுங்கள். இதோ பின்னாலிருந்து டார்ச் அடிக்கிறேன். எங்காவது ஒரு புள்ளி வெளிச்சம் தெரிகிறதா? முன்வரிசைப் பிள்ளைகளே, உங்கள் கண் நல்ல கண், தெரிகிறதா? இல்லை! ஒரு ஓட்டை இல்லை! ஒரு கிழிசல் இல்லை! அண்ணி, நீங்கள் கேட்டதற்கு நான் இப்போது பதில் சொல்கிறேன். அவர் ஒழுங்காக இருந்தார். நாங்கள்தான் ஒழுங்காக இல்லை. விளக்கைப் போடுங்கள்.

மேலாளர் ஏன் எழுந்திருக்கிறார்? கூட்டம் முடிந்துவிட்டதா என்ன? உட்காருங்கள் ஐயா. இன்னும் மௌன அஞ்சலிக்கு நான் நன்றி சொல்லவில்லை. அந்த இரண்டு நிமிடம் நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தக் கூடத்தில் பதினேழு பேர் இருமினார்கள். உங்கள் அறை மாடியில் இருக்கிறது, கதவுக்கு ரப்பர் விளிம்பு இருக்கிறது, நீங்கள் இருமவில்லை.

நான் பழி வாங்கப் போகிறேன் தோழர்களே. மறைத்துப் பேசத் தெரியாது எனக்கு. கை நீட்ட மாட்டேன், கல் எடுக்க மாட்டேன். ஆனால் சும்மா விட மாட்டேன். பழியை என்னிடமிருந்தே தொடங்குகிறேன். நான் கழற்றினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் இதோ. நாளைக் காலை பத்து மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் இந்தச் சாக்கோடு நிற்பேன். என் வேலை போகும். போகட்டும். அண்ணன் தந்த இரண்டு ஆண்டு வேலையை அண்ணனுக்கே திருப்பிக் கொடுக்கிறேன்.

மீதி எட்டு ஓட்டுநர்களிடமும் நான்கு நாளாகப் பேசினேன். "பிள்ளைங்க படிக்குதுடா, வேலை போயிட்டா என்ன பண்றது?" என்றார்கள். நியாயம்தான். நான் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். அண்ணன் எழுதாத பெயரை நான் சொல்லக் கூடாது. ஆனால் கேட்கிறேன்: அண்ணன் ஒரு பொய்யோடு போகட்டும் என்று உங்களுக்குச் சம்மதமா?

ஏழாம் நம்பர் அக்கா எழுந்து நிற்கிறார்.

என்ன அக்கா? சத்தமாகச் சொல்லுங்கள், ஒலிபெருக்கி எட்டவில்லை. "நானும் கழற்றுனேன், நானும் வர்றேன், எனக்கும் ஒரு காகிதம் குடு" என்கிறார். ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறேன் அக்கா! இரண்டாம் நம்பர் எழுந்துவிட்டார். ஐந்து. ஆறு. ஒன்றாம் நம்பர், அந்தத் தூணுக்குப் பின்னால். எட்டும் ஒன்பதும் சேர்ந்தே எழுந்திருக்கிறார்கள். என்னோடு எட்டுப் பேர். இன்னொருவரை நான் தேட மாட்டேன். அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்ததும் அவர் இருமலே அவரைக் கூப்பிடும். நாளை பத்து மணி வரைக்கும் கதவு திறந்துதான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. மேலாளர் அவர்களே, உங்கள் முன்னால் மேசையில் நான் வைப்பது அண்ணனின் தராசு. அதன் மேல் வைப்பது நேற்று நான் ஓட்டிய ஃபில்டர். இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக, நாள் முழுக்கக் கழற்றாமல் ஓட்டினேன். விளக்கு எரிந்தபோதெல்லாம் நிறுத்தினேன், உதறவைத்தேன். அப்படியும் உதிராமல் மடிப்பில் தங்கியது எவ்வளவு? முள்ளைப் படியுங்கள். நீங்கள் படிக்க மாட்டீர்கள், தலைவரே நீங்கள் படியுங்கள். ஐந்து கிலோ தொள்ளாயிரம்! ஒரு வண்டி, ஒரு நாள், ஒரு கிலோ எழுநூறு. ஒன்பது வண்டி, இரண்டு ஆண்டு. மீதியை நீங்கள் பெருக்கிப் பாருங்கள், படித்தவர்.

ஏன் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறீர்கள்? ஏன் மூக்கைப் பொத்துகிறீர்கள்? உங்களை நடுவில் உட்கார வைத்தது இதற்காகத்தான். இந்த ஃபில்டரைத் தூக்கி உங்கள் வெள்ளைச் சட்டைக்கு முன்னால் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று பதினாறு நாளாக என் கை துடிக்கிறது. நேற்று ராத்திரி முழுக்க அதை நினைத்துத்தான் தூங்காமல் கிடந்தேன். ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு!

தட்ட மாட்டேன். உங்களுக்காக அல்ல. தட்டினால் மடிப்பு கிழியும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். முன்வரிசையில் அவர் பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள்.

இதோ, இதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுகிறேன். நாளை இதுவும் எங்களோடு வருகிறது. அண்ணன் படத்தின் முன்னால் எட்டுப் பேரும் உறுதி சொல்கிறோம். இனி ஒவ்வொரு காலையும் ஃபில்டரை எடை போடுவோம், ஒவ்வொரு மாலையும் எடை போடுவோம். எங்களை வெளியே அனுப்பினால், எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இந்தத் தராசைக் கொடுத்துவிட்டுப் போவோம். அந்த அறிவிப்பு எந்தப் பலகையில் ஒட்டப்பட்டதோ அதே பலகையில், எந்தக் கையெழுத்தோ அதே கையெழுத்தில், அண்ணன் குற்றமற்றவர் என்று ஒட்டப்படும் வரை எங்களுக்கு ஓய்வில்லை.

போய் வாருங்கள் அண்ணா. எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்கிறோம். மெதுவாக, மடிப்பு மடிப்பாக, சுத்தமான பக்கத்திலிருந்து அடிப்போம். உங்கள் நெஞ்சில் போட்ட தூசியை, அது வந்த வழியாகவே திருப்பி அனுப்புவோம்.